சேசுராஜ் அண்ணன் கேட்ட ஒரு கட்டம்

செய்தி வந்தபோது என் மேசையில் மூன்று கொட்டேஷன்கள் கிடந்தன. மூன்றும் வெப்பக் கேமராவுக்கானவை. எங்கள் ஆலையின் பழைய கேமராவை மாற்றிப் புதிது வாங்குவதென்று போன மாதம்தான் முடிவானது. எதை வாங்கலாம் என்று சேசுராஜ் அண்ணனோடு உட்கார்ந்து பேச அன்று காலை பத்தரை மணிக்கு நேரம் குறித்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு வாசல் காவலர் மாரிமுத்து போன் செய்தார். "சார், சேசுராஜண்ணே இறந்துட்டாங்களாம் சார். வில்பட்டியில இருந்து ஆள் வந்து சொல்லிட்டு நிக்கிறாங்க."

வேலைக்குக் கிளம்பி ஸ்வெட்டரில் ஒரு கையை நுழைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். ஐம்பத்தேழு வயது. போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று கொட்டேஷன்களையும் அடுக்கி, ஓரம் தட்டி, கிளிப் போட்டேன். இருபது வருடமாகப் பார்க்கிற சோலி, கை தானாகச் செய்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் ஒன்று எழுதுங்கள் என்று தொழிலாளர் சங்கத்தார் கேட்டார்கள். நான் கொள்முதல் அலுவலர். எனக்கு ஒப்பீட்டுப் பட்டியல் போட வரும், கட்டுரை வராது என்றேன். "உங்கள விட்டா அவரப் பத்தி யாருக்கு சார் தெரியும்?" என்றார்கள். அது சரியில்லை. அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னைப் பற்றி அவருக்கு ஒன்று தெரியும். அதை எழுதித் தொலைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொடைக்கானலில் இருந்து வில்பட்டி போகிற சாலையில், காரட்டையும் பூண்டையும் காளானையும் காயவைத்துப் பாக்கெட் போடும் ஆலை எங்களுடையது. உலர்த்தும் அறைகள், ஒரு குளிர்கிடங்கு, இவற்றுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பேனல் அறை. பேனல் அறையில் ஆளுயர இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே செம்புப் பட்டைகள் வழியாக மின்சாரம் ஓடும். அந்தப் பட்டைகளை நட்டு போல்ட்டு போட்டு இணைத்திருப்பார்கள். ஓர் இணைப்பு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், கவனிக்காமல் விட்டால் எரியும். அந்த அறைக்குப் பொறுப்பு சேசுராஜ் அவர்கள். மின்பராமரிப்பு மேற்பார்வையாளர். வயதில் என்னைவிட நாலு வருடம் மூத்தவர், நான் அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். எத்தனையோ தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் பழனிக்காரன். அடிவாரத்தில் எங்கள் வீட்டாருக்கு விபூதி, சந்தனக் கடை. மலை ஏறி வந்து இருபது வருடம் ஆகியும் இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பேனா பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கதவோரம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. குரங்குக் குல்லாய் போட்ட, கட்டையான மனிதர். "என்ன சார், வெள்ளனேயே வெறச்சுப் போயிட்டீங்க. பேனல் ரூமுக்கு வாங்க, அங்கதான் கதகதன்னு கெடக்கு," என்றார். அன்றிலிருந்து தினமும் காலை பதினொரு மணி டீ எனக்கு அந்த அறையில்தான். ஒரு ஸ்டூல் எனக்கென்றே கிடக்கும். கதகதப்புக்காக நான் மட்டும் போகவில்லை, எலிகளும் வந்தன. "உங்க ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க சார்," என்று எலியைக் காட்டி என்னைக் கிண்டல் செய்வார். ஒவ்வொரு ஓட்டையாகச் சிமெண்டு வைத்து அடைப்பார். அவை வேறு ஓட்டை பார்த்துக்கொள்ளும்.

கேமரா வருவதற்கு முன்னால் அவர் பேனல் கதவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு சின்னச் சூடுமானி வாங்கிக் கொடுத்தோம். அதோடு கூடவே, மதுரைப் பக்கம் இருக்கிற எங்கள் தலைமை ஆலையில் இருந்து ஒரு தாள் வந்தது. இணைப்புகளில் எழுபது டிகிரிக்கு மேல் போனால் மட்டும் தகவல் கொடுக்கவும் என்று. அதைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"சார், இத எழுதினவரு வேர்த்துக்கிட்டே எழுதியிருக்காரு."

"ஏன் அண்ணே?"

"கீழ காத்தே முப்பத்தஞ்சு டிகிரி. எழுபதுன்னா முப்பத்தஞ்சு ஏறியிருக்குன்னு அர்த்தம். இங்க காத்து பன்னெண்டு. அதே கோளாறு இங்க அம்பதக்கூடத் தொடாது. எழுபது வரட்டும்னு காத்துக்கெடந்தா பட்ட உருகி ஊத்திரும்."

அந்தத் தாளின் ஓரத்தில் அவரே எழுதி ஒட்டினார்: பக்கத்துப் பட்டையைவிட எவ்வளவு கூட என்று பார், காற்றைவிட எவ்வளவு கூட என்று பார். கையெழுத்து அச்சடித்ததைப் போல் இருக்கும். அந்தத் தாள் இன்றும் அங்கே இருக்கிறது.

அவர்தான் வெப்பக் கேமரா வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருடம் கேட்டார். வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா அது. தொடாமலே, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த நட்டு சூடாகிறதென்று காட்டிவிடும். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, மூன்று கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்றது. நான் நாள் குறித்தேன். குறித்த நாள் விஜயதசமிக்கு மறுநாள். அங்கேதான் வேடிக்கை.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். அந்த வருடம் சேசுராஜ் அண்ணன் சொந்தத்தில் ஒரு பிள்ளை சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவுக்கு வெளியூர் போய்விட்டார். கேட்க ஆளில்லை. ஆலை நின்றிருந்த நேரத்தில் பெரிய பேனலைத் திறந்து, செம்புப் பட்டைகளைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, கோயில் குடம்போலப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். அது போதாதென்று மூன்று பட்டைகளிலும் இணைப்புக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் வேறு. சந்தனம் எங்கள் கடைச் சந்தனம், நான்தான் பழனியில் இருந்து கொண்டுவந்து கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்த சேசுராஜ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, வெளிய வைங்கன்னா உள்ள வரைக்குமா வைப்பீங்க?" என்று சத்தம் போட்டார். அதற்குள் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது, துடைக்க வழியில்லை.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலாமவர் கோயம்புத்தூரில் இருந்து, டை கட்டிக்கொண்டு. சுவரில் கையை வைத்து எடுத்தார், கை போன பிறகும் கைத்தடம் திரையில் மஞ்சளாக நின்றது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டீ டம்ளரைக் காட்டினார், மேலாளரின் வழுக்கையைக் காட்டினார். சேசுராஜ் அண்ணன் பொறுமையாக நின்றுவிட்டு, "பேனலுக்குப் போவமா சார்?" என்றார்.

பேனல் முன்னால் பிளாஸ்டிக் மறைப்புப் பலகை ஒன்று உண்டு, கை பட்டுவிடாமல் இருக்க. கண்ணுக்கு உள்ளே எல்லாம் தெரியும், இந்தக் கேமராவுக்கு அதன் வழியாக ஒன்றும் தெரியாது. அதைக் கழற்றினார்கள். கம்பெனிக்காரர் கேமராவைத் தூக்கியதும், "பாருங்க, எவ்வளவு பெரிய சூடு," என்று பட்டையின் நடுவில் ஒரு மஞ்சள் உருவத்தைக் காட்டினார்.

"கொஞ்சம் நகந்து பாருங்க சார்," என்றார் சேசுராஜ் அண்ணன்.

அவர் நகர்ந்தார். மஞ்சளும் நகர்ந்தது.

"அது நீங்கதான் சார். தேச்ச செம்பு கண்ணாடி மாதிரி. உங்க சூட்டையே உங்களுக்குக் காட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள், பாவம், டை கட்டினவரும் சிரித்தார். அவரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பட்டைகள் நீலமாகக் குளிர்ந்து கிடந்தன. இரண்டாமவர் கேமராவிலும் நீலம், மூன்றாமவர் கேமராவிலும் நீலம். "ஆலை நல்ல ஆரோக்கியமா இருக்கு," என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மத்தியானப் பஸ்ஸைப் பிடித்துப் பழனிக்கு இறங்க வேண்டும். கையெழுத்துப் போட்டு முடிக்கலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். சேசுராஜ் அண்ணன் மட்டும் திரையை விட்டு நகரவில்லை.

"சார், நடுப் பொட்டு மட்டும் ஏன் செவந்திருக்கு?"

"குங்குமம் சிவப்பாகத்தானே அண்ணே இருக்கும்," என்றேன். இன்றைக்கும் எங்கள் ஆலையில் சொல்லிச் சிரிக்கிற பதில் அது.

"இது நெறத்தப் பாக்காது சார், சூட்டத்தான பாக்கும். மூணு பொட்டும் ஒரே சந்தனம். ஒண்ணு மட்டும் ஏன் சுடுது?"

அவருக்குப் புரிந்துவிட்டது. தேய்த்த செம்பு தன் சூட்டை வெளியே காட்டாது. அதன்மேல் அப்பிய சந்தனம் காட்டிவிடும். நடுப்பட்டை சுடுகிறது, பளபளப்பு அதை மறைக்கிறது, பொட்டு ஒன்றுதான் உண்மையைச் சொல்கிறது. ஆலையை நிறுத்தச் சொன்னார். உலர்த்தும் அறை நிறைய பூண்டு இருந்தது, மேலாளர் மாட்டேன் என்றார். "ஒண்ணும் இல்லன்னா என்னையக் கேளுங்க சார், எழுதிக் குடுத்துர்றேன்," என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். நிறுத்தித் திறந்தால், நடுப்பட்டையின் நட்டு வெறும் விரலுக்கே சுழன்றது. வாஷர் கருநீலமாகிக் கிடந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், மற்றவர்கள் வெளியே சந்தனம் வைக்க, இவர் உள்ளே ஒவ்வோர் இணைப்பிலும் கறுப்பு டேப்பில் சின்னதாக ஒரு துண்டு ஒட்டுவார். அதுவும் சந்தனத்தைப் போலச் சூட்டை உள்ளபடி காட்டும். சேசுராஜ் பொட்டு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. "சர்ச்சுல சொல்லிக் குடுத்துறாதீங்க," என்பார்.

இதுவரை எழுதியது எல்லோருக்கும் தெரிந்த கதை. இனிமேல்தான் என் கதை.

மூன்று கேமராக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். எத்தனை டிகிரி வரை பார்க்கும், திரை எவ்வளவு பெரிது, பேட்டரி எவ்வளவு நேரம், உத்தரவாதம், சர்வீஸ் எங்கே என்று பதினோரு கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் மூன்றும் தேறின. மூன்றும் தேறினால் விலை குறைந்ததை எடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். கோப்பு இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாம் தடவையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். சளி, காய்ச்சல், வெளியே மூன்று நாளாக மழை. அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. அப்போது சேசுராஜ் அண்ணன் உள்ளே வந்தார்.

"சார், பட்டியல்ல இன்னொரு கட்டம் போடுங்க."

"என்ன கட்டம்?"

"எங்க நின்னு பாக்கணும்னு ஒரு கட்டம்."

அவர் சொன்னது இதுதான். இந்தக் கேமரா எடுக்கிற படம் புள்ளிகளால் ஆனது. புள்ளிகள் குறைவாக இருந்தால், தள்ளி நிற்கும்போது நட்டும் அதைச் சுற்றியுள்ள இரும்பும் ஒரே புள்ளிக்குள் விழுந்துவிடும், சூடு கலந்து குறைவாகக் காட்டும். நட்டின் சூடு சரியாகத் தெரிய வேண்டுமானால் கிட்டே போயாக வேண்டும். விலை குறைந்த கேமராவுக்குப் புள்ளிகள் குறைவு. ஓட்டிக் காட்டிய அன்றைக்கே அவர் டேப் வைத்து அளந்திருக்கிறார். "மொதக் கேமராவுக்கு ஒன்றரை அடியில நிக்கணும் சார். மூணாவதுக்கு ஆறடி தள்ளி நிக்கலாம்."

"ஒன்றரை அடியில் நின்றால் என்ன அண்ணே? ஸ்பானரை எடுத்துக்கொண்டு அதைவிடக் கிட்டே போகிறவர்தானே நீங்கள்."

"அது லைன நிறுத்திட்டுப் போவோம் சார். கேமரா லைன் ஓடுறப்பத்தான் பாக்கும்."

அவர் சொன்னது சரிதான். அடுத்தவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் கோபம் வரும் எனக்கு. "அப்படி ஒரு கட்டம் இந்தப் பட்டியலில் கிடையாது அண்ணே. போட்டால் இன்னொரு தடவை திரும்பி வரும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்," என்றேன். அவர் பட்டியலை வாங்கிக்கொண்டார். "சரிங்க சார். இதாச்சும் வருதே," என்று அந்த அச்சடித்த கையெழுத்தில் கையொப்பம் போட்டுக் கொடுத்தார்.

ஒன்றரை அடிக் கேமரா வந்தது. நன்றாகத்தான் உழைத்தது. குளிர்கிடங்கின் கதவு ரப்பர் எங்கே விட்டுப்போனது, எந்த மோட்டாரின் பேரிங் தேய்ந்தது எல்லாம் அதில் கண்டுபிடித்தார். மாதம் ஒரு நாள் பேனல்களின் மறைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒன்றரை அடியில் நின்று படம் எடுப்பார். டீ டம்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் வருடம் ஒரு சனவரி மாதம், முற்பகல். அன்று நான் என் அறையில் இருந்தேன். சுவரே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம், விளக்கெல்லாம் போயிற்று. ஓடினேன். சேசுராஜ் அண்ணன் பேனல் அறையில் இருந்து தானே நடந்து வந்தார். ஸ்வெட்டர் புகைந்துகொண்டிருந்தது. வலது கையைப் பார்க்க முடியவில்லை. இடது கையில் கேமரா. என்னைப் பார்த்ததும், "கேமராவுக்கு ஒண்ணும் ஆகல சார்," என்றார்.

பட்டைகளுக்கு நடுவில் ஓர் எலி விழுந்திருக்கிறது. அதன் வழியாக மின்சாரம் தாவி, வெடித்த தீ முன்னால் நின்றவர்மேல் பாய்ந்துவிட்டது. ஆறடி தள்ளி நின்றிருந்தால் சூடு அடித்திருக்கும், அவ்வளவோடு போயிருக்கும் என்று விசாரிக்க வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார். அவர் அதை எழுதவில்லை. விசாரணைக் குறிப்பை டைப் செய்தது நான். காரணம் என்ற இடத்தில் எலி என்று போட்டேன். பொய் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

ஐந்து மாதம் மதுரை ஆஸ்பத்திரியும் வில்பட்டி வீடுமாகக் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். கழுத்தின் வலப்பக்கம் தோல் சுருங்கிவிட்டது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார், கோணல் மாணலாக வந்தது. ஒரு சொல், ஒரு குத்தல், ஒன்றும் இல்லை. நானும் சில தடவை வாயைத் திறந்ததோடு சரி, சொல்லி முடித்ததில்லை. அதற்குப் பதிலாக அவர் துறைக்கு எது வேண்டுமானாலும் உடனே வாங்கிக் கொடுத்தேன். கையுறை, முகக்கவசம், புது ஏணி. "என்ன சார், கேக்காமயே எல்லாம் வருது," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோன நாள் உண்டு. புதுக் கேமரா கேட்டு எழுதினால் பழையது ஓடுகிறதே என்பார்கள். நானும் இரண்டு தடவை எழுதிவிட்டு அலுத்து விட்டுவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்படி ஐந்து வருடம் போயிற்று. போன மாதம் பழைய கேமராவின் பேட்டரி குளிரில் நிற்காமல் போனதால் புதியதற்கு அனுமதி வந்தது. சேதி சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "இந்தத் தடவ வெரசா முடிங்க சார். ரிட்டையர் ஆகுறதுக்குள்ள ஒரு ரவுண்டாவது பாத்துரணும்," என்றார். பதினொரு மணி டீ. நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று நினைத்து, "அண்ணே, அன்னைக்கு நீங்க கேட்ட அந்தக் கட்டம்..." என்று ஆரம்பித்தேன்.

"டீ ஆறுது சார், குடிங்க," என்றார்.

அதுதான் நாங்கள் தனியாக உட்கார்ந்து பேசிய கடைசி நாள். அடுத்த வாரம் பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்.

வில்பட்டியில் அடக்கம். நல்ல மஞ்சு மூட்டம், பெட்டியைத் தூக்கிப்போனவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. ஏழாம் நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பிலோமினா அக்கா பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவர். கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, கடுங்காப்பி கொடுத்தார். நான் காப்பியைத் தொடவில்லை. அந்தப் பட்டியலை, பன்னிரண்டாவது கட்டத்தை, ஒன்றரை அடியை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"தெரியும் சார்," என்றார். "ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொல்லிட்டாங்க."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே அக்கா."

"அவங்க சொல்லுவாங்க சார். 'அவரு வாயத் தொறக்கும்போதெல்லாம் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல பிலோமினா. பரவால்லன்னு சொன்னா அது பொய்யி. சும்மா இருந்தா மனுசன் நொந்து போயிருவாரு. அதான் டீயக் குடிங்கன்னு சொல்லிட்டு வந்துர்றேன்'னு."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். மன்னித்துவிட்டார் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு என்னவோ அதுதான் மரியாதை என்று பட்டது. ஐந்து வருடமாக ஒரு பொய்யைச் சொல்லாமலும் என்னைக் காயப்படுத்தாமலும் ஒரு மனிதர் தினமும் என்னோடு டீ குடித்திருக்கிறார். அந்தச் சிரமம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பழைய கேமராவைக் கணக்கில் இருந்து நீக்குமுன் உள்ளே இருக்கும் படங்களை எடுத்து வைக்க வேண்டும். அது என் பொறுப்பு. போன வாரம் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டு உட்கார்ந்தேன். நட்டு, நட்டு, நட்டு. நூற்றுக்கணக்கில். எல்லாவற்றிலும் கறுப்பு டேப்புத் துண்டு. எதிலும் மனிதர் இல்லை. கடைசிக்கு முந்தைய படத்தில் இருந்தார்.

தீ விபத்துக்குப் பிறகு பெரிய பேனலில் பட்டைகளை மாற்றியிருந்தோம். புதுச் செம்பு, இன்னும் பளபளப்புப் போகவில்லை. அந்த மூன்று பட்டைகளிலும் அவர் சூடு பட்டுத் திரும்பியிருக்கிறது. ஒரு பட்டையில் ஒரு காதும் கன்னமும். நடுப்பட்டையில் கண்ணும் மூக்கும். மூக்கு மட்டும் கறுத்திருந்தது, குளிராக இருந்திருக்கும். மூன்றாவதில் கேமராவைப் பிடித்த வலது கை, அதில் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு விரல்கள். இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு எடுத்தது. திரையைப் பார்த்துக்கொண்டே என்னையறியாமல் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தேன். அவர் நகரவில்லை. அது நான் இல்லை, அவர்தான்.

எனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் பார்க்கப் பார்க்க இன்னொன்று கண்ணில் பட்டது. முகம் பட்டைகளை நிறைத்துக்கொண்டு இருந்தது. அவ்வளவு கிட்டே நின்றிருக்கிறார். வெந்து, பிழைத்து, திரும்பி வந்த பிறகும் ஐந்து வருடம் அதே ஒன்றரை அடியில்தான் நின்றிருக்கிறார். நான் வாங்கிக் கொடுத்த கேமராவுக்கு வேறு வழி கிடையாது.

அந்தப் படத்தைத் தாளில் எடுத்தேன். புதுக் கேமராவுக்கான ஒப்பீட்டுப் பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி போட்டேன். முதல் கட்டம்: எங்கே நின்று பார்க்க வேண்டும். ஆறடிக்குக் குறைந்தால் மற்றக் கட்டங்களைப் பார்க்கத் தேவையில்லை என்று கீழே எழுதினேன். மூன்றில் இரண்டு அங்கேயே விழுந்தன. படத்தை இணைப்பாக வைத்து மேலாளரிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எந்த ஜாயிண்ட்டுல சார் கோளாறு?"

"ஜாயிண்ட்டெல்லாம் நல்லா இருக்கு சார். கோளாறு நான் போட்ட பழைய பட்டியல்ல."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆர்டர் போயிருக்கிறது. கேமரா வருமுன்னே பேனல் அறைத் தரையில், பெட்டிகளில் இருந்து ஆறடி அளந்து, மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போடச் சொன்னேன். நேற்றுக் காய்ந்தது. பதினொரு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு போய், ஸ்டூலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எலி ஒன்று சுவரோரம் ஓடியது. உங்க ஆளு வந்துட்டாருன்னு சொல்ல யாரும் இல்லை.

போய் வாருங்கள் அண்ணே. டீ ஆறினால் ஆறட்டும், இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கு அந்தக் கட்டத்தை நான் போட்டிருக்க வேண்டும்.